கியூபன் சாண்ட்விச்: வெளிய கருகுது, உள்ள சீஸ் உருகல. பிரட்டா, கல்லா, எதுல கோளாறு?

வள்ளியூர்_அடுப்படி

எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர்ல சின்ன பேக்கரி. சாயங்கால யாவாரத்துல பப்ஸ், கட்லெட்டோட சேத்து கியூபன் சாண்ட்விச்சும் போடலாம்னு பாக்கோம். அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் குடியேறுன கியூபாக்காரங்க சாப்பாடு, பன்றிக்கறி, ஹாம் (உப்புல பதப்படுத்துன பன்றித்தொடை), சீஸ், வெள்ளரி ஊறுகாய், கடுகு, அம்புட்டுதான்னு தெரியும். ஆனா கைக்கு வரமாட்டேங்குது.

இப்போ உள்ள நிலவரம் இது. பிரட்டு நம்ம கடை மில்க் பிரட்டுதான், நீளவாக்குல போட்டது. கறிய குக்கர்ல வேகவெச்சு, சூட்டோட பிச்சுப்போட்டு வைக்கோம். சீஸ் மொசரெல்லா. மேல மயோனைஸ் ஒரு கரண்டி. கோடுகோடா பள்ளம் இருக்க கரண்ட் சாண்ட்விச் கிரில்லர்ல வெச்சு அமுக்குதோம்.

1. மூணு நிமிசத்துல மேல கருங்கோடு விழுந்துருது. பிரிச்சுப் பாத்தா நடுவுல சீஸ் அப்படியே கெட்டியா இருக்கு.
2. கீழ்ப்பிரட்டு சொதசொதன்னு ஆயிருது.
3. கடிச்சா கறி, சீஸ் எல்லாம் ஒண்ணா இழுபட்டு வெளிய வந்துருது.
4. பத்து நிமிசம் ஆறுனா ரப்பர் மாதிரி கடிபடமாட்டேங்குது.

எங்க ஆரம்பிக்கணும்? நல்ல பிரட்டு நெல்லைக்குள்ள வாங்க முடியுமா, இல்ல நாமளே போட்டுக்கணுமா?

---

புளிச்சமாவு

அண்ணாச்சி, பிரட்டுல ஆரம்பிங்க. மத்ததெல்லாம் பொறவுதான்.

மில்க் பிரட்டுல சீனி, பால்பொடி ரெண்டும் தாராளமா இருக்கும். சூடு பட்டதும் அதுதான் முதல்ல செவந்து கருகும். ஸ்விஸ் மாதிரி சீஸ் இளகி ஒட்டணும்னா நடுப்பகுதி 60, 65 டிகிரி சூட்டுக்கு வரணும். அதுக்கு மெதுவான தீயில ஆறு ஏழு நிமிசம் வேணும். உங்க பிரட்டு மூணு நிமிசத்துக்கு மேல தாங்காது. அதனாலதான் வெளிய கரி, உள்ள பச்சை. அது மட்டுமில்ல, மில்க் பிரட்டோட உள்சதை நெருக்கமா, பஞ்சு மாதிரி இருக்கும். அமுக்குனா கெட்டியான அடையாத்தான் ஆகும், மொறுமொறுன்னு ஆகாது. உங்க நாலாவது கேள்விக்குப் பாதி விடை அதுதான்.

கியூபன் பிரட்டு வேற ஜாதி. மைதா, தண்ணி, ஈஸ்ட், உப்பு, கொஞ்சூண்டு சீனி, உருக்குன பன்றிக்கொழுப்பு. பால் கிடையாது, முட்டை கிடையாது. மேல்தோல் காயிதம் மாதிரி மெல்லிசா, உள்ள காத்தோட்டமா இருக்கும். அமுக்கும்போது அந்தக் காத்து போயி, ரெண்டு பக்கமும் மெல்லிசா மொறுமொறுப்பாயிரும். இது இங்க கடையில கிடைக்காது. உங்ககிட்ட பேக்கரி அடுப்பே இருக்கும்போது போட்டுக்கிடறதுதான் புத்தி.

500 கிராம் மாவுக்கு கணக்கு சொல்லுதேன். 30 செ.மீ. நீளத்துல மூணு பிரட்டு வரும், அதுல ஆறு சாண்ட்விச்.

முதநாள் ராத்திரி: மைதா 75 கிராம், தண்ணி 75 மில்லி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. கலக்கி ஒரு மணி நேரம் வெளிய வெச்சிட்டு ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிருங்க. வெளிநாட்டு செய்முறையில ராத்திரி முழுக்க வெளிய வைக்கச் சொல்லுவாங்க. நம்மூர்ச் சூட்டுக்கு அப்படி வெச்சா விடியுமுன்ன புளிச்சு தண்ணியா இளகிரும். இந்தப் பழமாவு இல்லாமலும் பிரட்டு வரும், ஆனா வாசனையும் தோலோட மொறுமொறுப்பும் குறையும்.

மறுநாள்: மைதா 425 கிராம், நல்லா குளுந்த தண்ணி 235 மில்லி, உப்பு 10 கிராம், சீனி 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், பன்றிக்கொழுப்பு 40 கிராம், கூடவே அந்தப் பழமாவு. தண்ணியில ஒரு 20 மில்லிய கையில வெச்சுக்கிட்டு, மாவு கேட்டா மட்டும் ஊத்துங்க. மைதாவுக்கு மைதா தண்ணி குடிக்கது மாறும். பாக்கெட்ல 100 கிராமுக்கு புரதம் எவ்வளவுன்னு போட்டிருக்கும், 11 கிராமுக்குக் குறையாதது வாங்குங்க. கொழுப்ப முதல்லயே போடாதீங்க. மாவு ஒண்ணு சேந்து நாலஞ்சு நிமிசம் பிசைஞ்ச பொறவு சேத்து, இன்னொரு ஆறேழு நிமிசம் பிசையணும். முதல்லயே கொழுப்பு சேந்தா மாவுல இழுவை பிடிக்க நேரமாகும்.

ரெண்டு மடங்கு பொங்குற வரைக்கும் மூடி வைங்க. சித்திரை, வைகாசியில முக்கா மணி நேரத்துல ஆயிரும், மார்கழியில ஒண்ணேகால் மணி கூட ஆகலாம். கடிகாரத்தப் பாக்காதீங்க, மாவப் பாருங்க. மூணாப் பிரிச்சு, தட்டி, இறுக்கமா சுருட்டி 30 செ.மீ. நீளத்துக்கு இழுங்க. தட்டுல வெச்சு இன்னும் ஒரு அரை மணி நேரம். ஒண்ணரை மடங்கு வந்தா போதும். அதுக்கு மேல விட்டா அடுப்புல அமுங்கிரும்.

இனிமே சொல்லுததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஃபுளோரிடாவுல டாம்பான்னு ஒரு நகரம், அதுல ஈபோர் சிட்டின்னு ஒரு பகுதி, அங்க 1915ல ஆரம்பிச்ச லா செகுண்டா பேக்கரி இன்னைக்கும் பிரட்டு மேல கத்தி போடுறதில்ல. பல்மெட்டோங்குற விசிறிப்பனை ஓலையக் கிழிச்சு, ஒரு கீத்த மாவு மேல நீளவாக்குல வெச்சு வேகப்போடுறாங்க. ஓலைக்கு அடியில உள்ள மாவு காயாம ஈரமாவே இருக்கும். பிரட்டு அடுப்புல பொங்கும்போது அந்த இடம்தான் இளக்கமா இருக்கும், அங்கனயே வெடிச்சு சீரா ஒரு வரி விழும். நம்ம சீமையில பனைக்கா பஞ்சம்? திசையன்விளை, ராதாபுரம் பக்கம் யார்கிட்ட கேட்டாலும் ஓலை தருவாங்க. குருத்தோலையா வாங்குங்க. ஈர்க்க உருவி எடுத்துட்டு, ஒரு செ.மீ. அகலத்துக்குக் கிழிச்சு, கழுவி, அரை மணி நேரம் தண்ணியில ஊறவைங்க. பிரட்டோட ரெண்டு முனையிலயும் 3 செ.மீ. விட்டு, லேசா அமுக்கி ஒட்டுங்க. முத்துன ஓலை வேண்டாம். அது விறைப்பா இருக்கும், சூடு பட்டதும் சுருண்டு எந்திரிச்சிரும், வரி விழாது. வெந்து வந்ததும் ஓலைய மறக்காம உருவிருங்க.

அடுப்பு 210 டிகிரி. உள்ள வைக்கும்போது கீழ்த்தட்டுல ஒரு தம்ளர் கொதிதண்ணி ஊத்தி ஆவி விடுங்க. எட்டு நிமிசம் கழிச்சு கதவைத் திறந்து ஆவிய வெளியேத்திரணும். மொத்தம் 20, 22 நிமிசம். வெளிர்பொன் நிறத்துலயே எடுத்திருங்க. திரும்பக் கல்லுல செவக்கப் போகுதுல்லா, அதனால இப்பவே நல்லா செவக்கவிடக்கூடாது.

ஒரு முக்கியமான சங்கதி. பிரட்டுல பன்றிக்கொழுப்பு போட்டா அதை வேற எதுக்கும் எடுக்காதீங்க. பலகையிலயும் எழுதி வைங்க. சைவம் சாப்பிடறவங்களும் முஸ்லிம்களும் வந்துபோற கடை. அவங்களுக்கும் பிரட்டு வேணும்னா அதே 40 கிராம் வெண்ணெய் போட்டு தனித் தட்டுல சுடுங்க. தேங்காயெண்ணெய் போட்டா வாசனை கடுகோட சேராது.

---

கிடாரங்காய்

பிரட்டப் பத்தி அண்ணன் சொல்லிட்டாங்க. நான் கறிக்கு வாரேன்.

சூட்டோட பிச்சுப்போட்ட குக்கர் கறி, அதுதான் உங்க ரெண்டாவது கேள்விக்குக் காரணம். அதுல தண்ணி நிக்கும். அமுக்குனதும் எல்லாம் கீழ இறங்கிரும். மயோனைசும் அப்படித்தான், சூட்டுல எண்ணெய் பிரிஞ்சு ஓடிரும். கியூபன் சாண்ட்விச்சுல மயோனைஸ் இல்ல, தக்காளி இல்ல, லெட்யூஸ் இல்ல. இது பிடிவாதம் இல்ல. தண்ணி விடுற எதையும் அமுக்கிச் சுட முடியாது.

வெண்பன்றி முன்சப்பை, எலும்போட, மேல ஒரு விரக்கடை கொழுப்பு விட்டு ஒண்ணரை கிலோ கேளுங்க. தொடைக்கறி வேண்டாம், வறண்டு போகும். கறிக்கடையில ரெண்டு நாள் முன்னாலயே சொல்லிவெச்சா முழுத்துண்டா வெட்டித் தருவாங்க. சொல்லாம போனா குழம்புக்கு வெட்டுற மாதிரி துண்டு போட்டுருவாங்க.

ஊறவைக்கிற கலவைக்கு அவங்க மோஹோன்னு சொல்லுவாங்க. அங்க ஒருவித புளிப்பு ஆரஞ்சு, பூண்டு, சீரகம், ஆரிகனோ. நம்ம கிடாரங்காய் இல்லாட்டி நல்லா மஞ்சளாப் பழுத்த நார்த்தங்காய் சாறு அந்தப் புளிப்புக்கும் இளங்கசப்புக்கும் பக்கத்துல வரும். 100 மில்லி அந்தச் சாறு, 50 மில்லி கமலா ஆரஞ்சு சாறு. ரெண்டும் கிடைக்கலன்னா ஆரஞ்சு ரெண்டு பங்குக்கு எலுமிச்சை ஒரு பங்கு. பிழியும்போது கொட்டைய நசுக்கிராதீங்க, வெள்ளைத்தோல் சேராம பாருங்க. இல்லன்னா கறி முழுக்கக் கசப்பு ஏறிரும்.

பூண்டு 15 பெரிய பல், நாட்டுப்பூண்டுன்னா 25. உப்பு 22 கிராம். வறுத்துப் பொடிச்ச சீரகம் ஒண்ணரை டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், காஞ்ச ஆரிகனோ ரெண்டு டீஸ்பூன். ஆரிகனோ இல்லன்னா கொல்லையில நிக்கிற கற்பூரவள்ளி அஞ்சு இலை. அமெரிக்காவுல அதே செடியை கியூபன் ஆரிகனோன்னுதான் விக்காங்க, அதனால தயங்காம போடலாம். அஞ்சுக்கு மேல போனா கசாய வாடை வந்துரும். பூண்டு, உப்பு, சீரகத்தை அம்மியிலயோ உரல்லயோ கொரகொரன்னு தட்டுங்க. 60 மில்லி எண்ணெய நல்லா சூடாக்கி அது மேல ஊத்துங்க, பூண்டோட பச்சை வாடை போயிரும். ஆறுனதும் சாறு சேருங்க. இஞ்சி, மிளகாய்த்தூள், பட்டை கிராம்பு எதுவும் வேண்டாம். அதெல்லாம் சேந்தா நல்ல வறுவல் கிடைக்கும், இந்தச் சாண்ட்விச் கிடைக்காது. கடுகும் ஊறுகாயும் பேச இடம் விடணும்.

கறியில கத்தியால அங்கங்க குத்தி, கலவைய உள்ள திணிச்சு, ஃபிரிட்ஜுல 12 மணி நேரம். 24 மணிக்கு மேல வைக்காதீங்க. புளிப்பு மேல்கறியத் தின்னு மாவு மாதிரி ஆக்கிரும்.

பேக்கரி அடுப்புன்னா 150 டிகிரியில மூடி மூணு மணி நேரம், பொறவு மூடியத் திறந்து 200ல அரை மணி. குத்துற தெர்மாமீட்டர் இருந்தா எலும்புக்குப் பக்கத்துல 85, 88 டிகிரி காட்டணும். பிச்சுப்போடுற கறிக்கு இன்னும் மேல போகணும், நமக்கு துண்டா வெட்டணும்ங்கிறதால இங்கன நிறுத்துறோம். அடுப்பு வேலையா இருந்தா குக்கர்லயும் பண்ணலாம். எலும்பை ஒட்டி ரெண்டாப் பிரிச்சு, அரை தம்ளர் தண்ணி, முதல் விசில் வந்ததும் சிம்முல வெச்சு 35, 40 நிமிசம், பிரஷர் தானா இறங்கணும். பொறவு இரும்புச் சட்டியில அதோட கொழுப்புலயே நாலு பக்கமும் செவக்க வாட்டி ஈரத்தை ஒட்ட வத்த வைங்க. இந்த வாட்டுற வேலைய விட்டா குக்கர் கறி பயன்படாது.

ஆறவெச்சு, மூடி, ஃபிரிட்ஜுல குறைஞ்சது நாலு மணி நேரம். குளுந்த பொறவுதான் வெட்டணும், நார்க்குக் குறுக்கா 3, 4 மி.மீ. கனத்துல. சூட்டோட வெட்டுனா உதுந்துரும். சட்டியில நின்ன சாறை கொழுப்பெடுத்து, பாதியா வத்தவெச்சு வெச்சுக்கோங்க. ஒரு சாண்ட்விச்சுக்கு ஒரு டீஸ்பூன் கறி மேல தடவலாம். ஊத்தக்கூடாது.

ஒண்ணரை கிலோவுல வெந்த கறி கிட்டத்தட்ட 800 கிராம் தேறும். ஆளுக்கு 80 கிராம்னா பத்து சாண்ட்விச். விலை போடும்போது இந்தக் கழிவ மறந்துராதீங்க.

---

வள்ளியூர்_அடுப்படி

அண்ணாச்சி, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குருத்தோலைக்கு ஆள் சொல்லியாச்சு.

கிரில்லர மாத்தித்தான் ஆகணுமா? அப்புறம் சலாமி, அதான் உப்பும் மசாலாவும் போட்டு உலத்துன இத்தாலிக் கறி, அது கட்டாயம்னு ஒரு இடத்துல, கூடவே கூடாதுன்னு இன்னொரு இடத்துல போட்டிருக்கான். எது சரி? பன்றிக்கறி சாப்பிடாதவங்களுக்கு கோழியில பண்ணலாமா?

---

இரும்புக்கல்

அந்தக் கிரில்லர இதுக்கு எடுக்காதீங்க. பள்ளமேடு இருக்குற தகட்டுல மேடு மட்டும்தான் பிரட்டத் தொடும். தொட்ட இடம் கருகும், தொடாத இடம் வெளிறிக் கிடக்கும். இந்தச் சாண்ட்விச்சுக்கு ரெண்டு பக்கமும் சமதளத் தகடு வேணும். அவங்க பிளாஞ்சான்னு சொல்லுறது அதைத்தான். இன்னொரு சிக்கலும் இருக்கு. பின்னால கீல் வெச்ச கிரில்லர் சரிஞ்சு மூடும். பின்பக்கம் முதல்ல நசுங்கி, கறிய முன்னால தள்ளிவிட்டுரும்.

கனமான வார்ப்பிரும்பு தோசைக்கல் ரெண்டு போதும். பெரியது கீழ, சின்னது மேல. ரெண்டையும் சூடாக்கணும். மேல்கல்லு பச்சையா இருந்தா அது சூட்டை உறிஞ்சிக்கிடும், நேரம் ரெண்டு மடங்காகும். மேல்கல்லுக்கு மேல அலுமினியத்தாள் சுத்துன செங்கல் ஒண்ணு. இரண்டரை, மூணு கிலோ வரும், கல்லோட எடையும் சேந்து போதுமான பாரம்.

சூட்டைப் பாக்குறது இப்படி. கல்லுல ஒரு துளி வெண்ணெய் விடுங்க. நுரைச்சு அடங்கி, அரை நிமிசம் கழிச்சும் மஞ்சளாவே நிக்கணும். உடனே பழுப்பாச்சுன்னா சூடு அதிகம். தோசைக்குக் காயவைக்கிற அளவு இதுக்கு ஆகாது.

முதல்ல ஹாமையும் பன்றிக்கறியையும் கல்லுல பக்கத்துக்கு அரை நிமிசம் வாட்டுங்க. இந்த ஒரு வேலை பாதிப் பிரச்சினைய முடிச்சிரும். குளிர் போயிரும், ஈரம் வத்திரும், நடுப்பகுதி சூட்டோடயே உள்ள போகும். பாக்கெட் ஹாம்ல தண்ணி நிறைய ஏத்தியிருப்பாங்க, வாட்டும்போது சலசலன்னு சத்தம் கேட்டு அடங்கும். அடங்குன பொறவு எடுங்க.

15 செ.மீ. பிரட்டுத் துண்டுக்கு அளவு: ஹாம் 50 கிராம், பன்றிக்கறி 80, சீஸ் 30, ஊறுகாய் மூணு நீளத் துண்டு, கடுகு ரெண்டு டீஸ்பூன். கீழயிருந்து ஹாம், பன்றிக்கறி, சீஸ், ஊறுகாய், கடுகு தடவுன மேல்பிரட்டு. ஊறுகாயத் துணியில ஒத்தி எடுத்துட்டு வைங்க. அதைக் கீழ வெச்சா ஈரம் நேரா அடிப்பிரட்டுக்குப் போகும்.

சீஸ விடுங்க மொசரெல்லாவ. கடிச்சா எல்லாம் இழுபட்டு வருதுன்னு சொன்னீங்கல்லா, அதுக்கு அதான் காரணம். சூட்டுல நூலா இழுக்கும், ஆறுனா ரப்பராகும். ஸ்விஸ் சீஸ்தான் மரபு. கிடைக்காட்டி கௌடா வாங்குங்க, நல்லா இளகும், வாசனையும் இருக்கும். ஸ்லைஸ் சீஸ் உருகும், ஆனா உப்பு. ஹாமும் ஊறுகாயும் ஏற்கெனவே உப்புதானே.

பிரட்டோட ரெண்டு வெளிப்பக்கமும் இளகுன வெண்ணெய் ஒரு டீஸ்பூன் வீதம் பிரஷ்ஷால தடவுங்க. முதல் ஒரு நிமிசம் மேல்கல்லு மட்டும். சீஸ் லேசா இளகிப் பிடிச்ச பொறவு செங்கல்ல ஏத்துங்க. எடுத்த எடுப்புல முழுப் பாரத்தையும் வெச்சா எல்லாம் வழுக்கி வெளிய வந்துரும். நாலு நிமிசத்துல திருப்பி, இன்னும் மூணு நிமிசம். எட்டு செ.மீ. உசரம் இருந்தது மூணரைக்கு வரணும். ஓரத்துல சீஸ் எட்டிப்பாத்து, கல்லுல பட்டு பொரிஞ்சு நின்னா வெந்திருச்சுன்னு அர்த்தம். குறுக்கா, மூலைக்கு மூலை வெட்டுங்க.

---

தாமிரபரணிக்கரை

சலாமி விசயத்துக்கு வாரேன், ரெண்டும் சரிதான், ஊர் வேற.

விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர்ங்குற சுருட்டு முதலாளி 1885ல ஃபுளோரிடாவோட தென்கோடித் தீவான கீ வெஸ்ட்ல இருந்து தொழிலை டாம்பா பக்கம் கொண்டுபோனார். அப்படி உருவானதுதான் ஈபோர் சிட்டி. கியூபாக்காரங்களும் ஸ்பானியரும், பின்னாலயே சிசிலியில இருந்து வந்த இத்தாலியரும் அங்க சுருட்டு சுத்துனாங்க. நம்ம முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடித்தட்டோட உக்காந்த சனங்களைப் பாத்தவங்களுக்கு அந்தக் கூடம் எப்படி இருந்திருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. வேலை நடக்கும்போது பேப்பரும் கதையும் சத்தமா வாசிச்சுக் காட்ட ஒரு ஆளைத் தொழிலாளிகளே சம்பளம் போட்டு வெச்சிருந்தாங்க. கையில பிடிச்சு சாப்பிடுற இந்த ரொட்டி அவங்களோட மத்தியானச் சாப்பாடு. டாம்பாக்காரங்க அதுல ஜெனோவா சலாமி சேக்குறாங்க. இத்தாலியர் பக்கத்துல இருந்ததால வந்த வழக்கம்னு அங்க சொல்லுவாங்க.

ஃபுளோரிடாவுலயே இன்னொரு நகரமான மியாமியில, 1959 கியூபப் புரட்சிக்குப் பொறவு கியூபாவுல இருந்து பெருங்கூட்டம் வந்து சேந்தது. அவங்க சலாமி போடமாட்டாங்க. 2012ல டாம்பா நகர மன்றம் அவங்க ஊர் முறையை நகரத்தோட அடையாளச் சாண்ட்விச்சா தீர்மானமே போட்டிருக்கு. மியாமிக்காரங்க அதை ஒத்துக்கல. இன்னைக்கும் அந்த வழக்கு ஓயல.

உங்க கடைக்கு மியாமி முறையே போதும்ங்கிறது என் கருத்து. நல்ல சலாமி இங்க விலை அதிகம், சுமாரானது வாங்குனா கொழுப்பும் உப்பும் மட்டும்தான் கூடும். போட்டே ஆகணும்னா 20 கிராம், மெல்லிசா, பன்றிக்கறிக்கும் சீஸுக்கும் நடுவுல.

---

புளிச்சமாவு

சலாமி விசயத்துல எனக்கு உடன்பாடில்ல. 20 கிராம் நல்ல சலாமியோட பூண்டும் மிளகும் சேந்தா ருசி தனி. வாரத்துல ஒரு நாள் மட்டும் டாம்பா முறைன்னு பலகையில எழுதிப் போடலாம், விலையும் தனியா வெச்சுக்கலாம்.

இன்னொண்ணு. உங்க மில்க் பிரட்டு வீணில்ல. மெடியாநோச்சேன்னு இதோட தம்பி ஒண்ணு இருக்கு. உள்ள வைக்கிறது கிட்டத்தட்ட இதேதான், பிரட்டு மட்டும் முட்டை சேத்த இனிப்பு பன். கியூபா தலைநகர் ஹவானாவுல ராத்திரி ஆட்டம்பாட்டம் முடிஞ்சு நடுச்சாமத்துல சாப்பிடுறது. உங்க மாவுல கிலோவுக்கு ரெண்டு முட்டை கூட்டி, அதுக்குத் தக்கன தண்ணியைக் குறைச்சு, 12 செ.மீ. நீள பன்னா சுட்டுக்கோங்க. கறிய இன்னும் மெல்லிசா வெட்டி, அளவைப் பாதியாக்கி, கம்மியான தீயில ரெண்டு ரெண்டு நிமிசம் வாட்டுங்க. கனமா அடுக்குனா பழைய கதைதான், வெளிய கருகும்.

---

கிடாரங்காய்

கோழி கேட்டிருந்தீங்க. எலும்பில்லாத தொடைக்கறி எடுங்க, நெஞ்சுக்கறி அமுக்கும்போது சக்கையாயிரும். கிலோவுக்கு உப்பு 14 கிராம், மத்த கலவை மேல சொன்னதுல முக்கால் பங்கு. ரெண்டு மணி நேரம் ஊறுனா போதும். கல்லுல நல்லா வாட்டி, ஆறவெச்சு வெட்டுங்க. ஹாமுக்கு பதிலா கோழி ஹாம் கிடைக்கும். ஆனா அதை மோஹோ கோழி சாண்ட்விச்னு போடுங்க, கியூபன்னு போடாதீங்க. அதுக்கு வெண்ணெய் பிரட்டு, தனிக் கல்லு, தனிக் கத்தி, தனிப் பிரஷ். ஒரே கல்லுல ரெண்டையும் போட்டுட்டு கோழின்னு குடுக்கிறது தப்பு. மேலப்பாளையத்துல இருந்து நம்பி வந்து கேக்கிறவங்களுக்கு நாம சொல்லுற வாக்கு அது.

ஊறுகாய், கடுகு ரெண்டும் வீட்டுலயே முடியும். ஊறுகாய்க்கு பிஞ்சு வெள்ளரிக்காய் அரை கிலோ, நீளவாக்குல 3 மி.மீ. துண்டு. வினிகர் 250 மில்லி, தண்ணி 250 மில்லி, உப்பு 15 கிராம், பூண்டு நாலு பல், சதகுப்பை ஒரு டீஸ்பூன். அவங்க ஊறுகாய்ல வர்ற வாசனை சதகுப்பைதான். பிள்ளை பெத்தவங்களுக்கு மருந்துக்கு வாங்குவோமே, அதே நாட்டு மருந்துக்கடையில கிடைக்கும். கொதிக்கவெச்சு ஆறுனதும் ஊத்தி, ஃபிரிட்ஜுல ரெண்டு நாள். சுடச்சுட ஊத்துனா வெள்ளரிக்காய் தொளதொளத்துப் போகும். சீனி சேக்காதீங்க, இனிப்பு ஊறுகாய் இதுக்குச் சேராது.

கடுகுக்கு மஞ்சக்கடுகு. தாளிக்கிற கருங்கடுகு அரைச்சா மூக்குல ஏறும், மத்த ருசி எல்லாத்தையும் அமுக்கிரும். மஞ்சக்கடுகுப் பொடி 50 கிராம், தண்ணி 120 மில்லி, வினிகர் 60 மில்லி, மஞ்சத்தூள் அரை டீஸ்பூன், உப்பு முக்கா டீஸ்பூன். சிறுதீயில அரை மணி நேரம் கிண்டிக்கிட்டே இருங்க. காரம் இறங்கி, புளிப்பும் நிறமும் நிக்கும். காரம் குறையலன்னா இன்னும் பத்து நிமிசம். வேகும்போது கிளம்புற ஆவி கண்ணைக் கரிக்கும், சன்னலைத் திறந்து வைங்க.

---

வள்ளியூர்_அடுப்படி

அக்கா சொன்னபடி கோழிக்குத் தனிக் கல்லே வாங்கிருதோம். கடைசியா ஒண்ணு. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு மணிக்குள்ள கூட்டம் மொத்தமா வரும். ஒவ்வொண்ணுக்கும் ஏழு நிமிசம்னா முடியாது. முன்கூட்டியே அமுக்கி வெச்சுக்கலாமா? பார்சல் எப்படி?

---

இரும்புக்கல்

முழுசா அமுக்கி வெச்சா சரிப்படாது. ஆறுன சீஸும் பிரட்டும் திரும்ப சூடு பண்ணும்போது தோல் மாதிரி ஆயிரும். பதிலா அஞ்சு மணிக்கே கறியையும் ஹாமையும் 80, 50 கிராமா நிறுத்து, இடையில பட்டர் பேப்பர் போட்டு ஃபிரிட்ஜுல அடுக்கி வைங்க. பிரட்டை வெட்டி, கடுகு தடவாம மூடி வைங்க. ஆர்டர் வந்ததும் வாட்டுறது, அடுக்குறது ரெண்டும் ஒண்ணரை நிமிசம். வாட்டுன சூட்டோட வைக்கிறதால அமுக்குறது அஞ்சு நிமிசமா குறையும். 45 செ.மீ. அகலக் கல்லுல ஒரே நேரத்துல நாலு வைக்கலாம், மேல்கல்லு ரெண்டு ரெண்டுக்கு ஒண்ணு. நாலும் ஒரே உசரமா இருக்கணும். ஒண்ணு குட்டையா இருந்தா பாரம் அதுல விழாது, அது மட்டும் வேகாம நிக்கும்.

கறிய கல்லுப் பக்கத்துல வெளிய எடுத்து வெச்சுராதீங்க. நம்மூர் வெயில்ல, அதுவும் அடுப்படியில, ஒரு மணி நேரமே அதிகம். நாலு நாலு பங்கா ஃபிரிட்ஜுல இருந்து எடுங்க.

பார்சலுக்கு பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். ஆவி உள்ளயே சுத்தி பத்து நிமிசத்துல மொறுமொறுப்பு போயிரும். வெட்டுன பொறவு ஒரு நிமிசம் கம்பிவலை மேல நிறுத்தி வைங்க, அடிப்பக்கமும் காத்து படும். பொறவு பட்டர் பேப்பர்ல சுத்தி, முனையைத் திறந்தே விட்டு காகிதப்பையில போட்டுக் குடுங்க. வீட்டுக்குப் போயி சாப்பிடறவங்ககிட்ட தோசைக்கல்லுல சிறுதீயில பக்கத்துக்கு ஒரு நிமிசம் வாட்டச் சொல்லுங்க. மைக்ரோவேவ்ல வைக்க வேண்டாம்னும் சொல்லி அனுப்புங்க, பிரட்டு சவுக்குன்னு ஆயிரும்.